வேலியோரத்து இலைகள்

கடந்த ஜனவரியில் ஒரு முன்னிரவில் ரொறன்ரோவிலிருந்து என் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். சாளரத்தோரம் சாடியில் வைத்து வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியின் இலைகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாய் உதிர்கின்றனவாம். "மாமா, இது செத்துப்போச்சோ?" என்று கேட்டாள். சாகவில்லை, குளிர்காலத்தில் அது உறங்கும், தண்ணீரைக் குறைத்துவிடு, வெப்பமூட்டியின் காற்றுப் படாத இடத்துக்கு நகர்த்து, வெயில் திரும்பும்போது தளிர்க்கும் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கடை வீட்டிலை கறிவேப்பிலை எவடத்திலை நிண்டது, மாமா?" என்று கேட்டாள்.

என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். எந்த ஒப்பந்தம் எந்த நாளில் கைச்சாத்தானது, எந்த அமைச்சர் எப்போது பதவி விலகினார் என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் தாயார் ஒவ்வொரு நாளும் மூன்று தடவை சென்று கொப்பு முறித்த மரம் எங்கே நின்றது என்பது என் நினைவில் இல்லை. அந்த மரத்தைத் தேடப்போய், யாழ்ப்பாணத்து வீடுகளில் பச்சிலைகள் எங்கு வளர்ந்தன, எப்படிப் போயின என்ற கதையைச் சில வாரங்களாக நினைவிலும் நூல்களிலும் துழாவினேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

மூலிகைத் தோட்டம் என்றவுடன் இன்று பலருக்கும் கண்முன் வருவது, சிறு பாத்திகள் கட்டி, ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை நாட்டிய ஒரு மூலை. அப்படியொன்று எங்கள் வளவில் இருந்ததில்லை. ஒழுங்கையில் வேறு எவருடைய வளவிலும் நான் கண்டதில்லை. ஆயினும் குசினியில் பச்சிலைக்குக் குறைவிருக்கவில்லை. கிணற்றடியிலிருந்து வாழைக்குப் போகும் வாய்க்காலின் கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்திருந்தன. ரம்பையும் அங்கேதான் புதராய் நின்றது. முற்றத்தில் துளசி. கோடியில் முருங்கையும் தவசி முருங்கையும். எஞ்சியவை யாவும் வேலியில் இருந்தன. குறிஞ்சா, முசுட்டை, முல்லை, தூதுவளை, மொசுமொசுக்கை, முடக்கொத்தான் எல்லாம் வேலியில் ஏறிப் படர்ந்த கொடிகள். ஆடாதோடை, நொச்சி, பாவட்டை ஆகியவை வேலிக்குள் மறைந்து வேலியாகவே நின்ற செடிகள்.

இவற்றுக்கு ஏன் வேலி இடமாயிற்று என்பதற்கு ஒரு காரணம் உண்டென்று எண்ணுகிறேன். 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேய மாலுமி ரொபேட் நொக்ஸ், தம் அனுபவங்களை 1681இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அம்மக்களுக்குக் காடுகளே மருந்துக் கடைகள் என்ற கருத்துப்பட அதில் அவர் எழுதியிருக்கிறார். மலைநாட்டானுக்கு அது பொருந்தும். வீட்டுப் பின்புறத்திலிருந்து நூறு அடி நடந்தால் அவனுக்குக் காடு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படிக் காடு ஏது? சுண்ணக்கற் பாறை மீது மெல்லியதாய்ப் படிந்த செம்மண்; அதில் ஒவ்வோர் அடியும் தோட்டமாகவோ குடியிருப்பாகவோ பங்கிடப்பட்டிருந்தது. ஆறு இல்லை, மலை இல்லை. மனிதர் உழாத, கொத்தாத, கூட்டாத நிலம் என்று மிஞ்சியது இரண்டு வளவுகளுக்கு இடையில் கிடந்த அந்த ஒன்றரை முழ அகலக் கோடுதான். காட்டில் வளரவேண்டியவை அந்தக் கோட்டில் வளர்ந்தன.

வேலி என்றால் என்ன என்பதை இளைய வாசகர்களுக்குச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடித்த கொப்புகளை வெட்டி எல்லையில் நடுவார்கள். இவற்றுக்குக் கதியால் என்று பெயர். நட்ட கதியால் மழையில் வேர்விட்டுத் துளிர்க்கும். கதியால்களுக்கு இடையில் பனையோலையோ கிடுகோ வைத்து வரிந்து கட்டினால் வேலி. ஓலை ஆண்டுதோறும் உக்கும்; மீண்டும் அடைக்கவேண்டும். வெட்டிய பூவரசங்குழை தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்க்கப்படும்; முள்முருக்கும் கிளுவையும் ஆட்டுக்குப் போகும்; உக்கிய ஓலை எருவாகும். ஆடாதோடையை மட்டும் ஆடு தொடாது. ஆடு தொடாத இலை என்பதே அதன் பெயர்க் காரணம் என்பர். கால்நடை கடிக்காத செடி எல்லைக்கு உகந்தது என்று நட்டார்கள்; இருமலுக்கு உகந்தது என்பதும் கூடவே வந்தது.

மாரி தொடங்கும்போது வேலி மாறிவிடும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று இரண்டு மழை தந்துவிட்டால் போதும், கோடை முழுவதும் காய்ந்த நரம்பாய்க் கிடந்த கொடிகள் தளிர்க்கும். தடிமனும் இருமலும் ஊருக்குள் வருவதும் அதே காலத்தில்தான். அம்மா அந்த மாதங்களில் காலையில் வேலியோரமாக ஒரு சுற்று நடப்பார். கையில் ஒரு சுளகு. திரும்பி வரும்போது அன்றைய சமையல் தீர்மானமாகியிருக்கும். முசுட்டை கிடைத்தால் தேங்காய்ப்பூப் போட்டு வறை. கூழ் காய்ச்சும் நாளென்றால் அதற்குள் போகும். குறிஞ்சா கசக்கும், மிக மெல்லியதாய் அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்து வறுத்தால் கசப்புத் தணியும், போகாது. அதைத் தின்றபின் சீனி போட்ட தேநீரைக் குடித்தால் வாயில் இனிப்புத் தெரியாது. சிறுவயதில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. தூதுவளையின் முள்ளை நுள்ளியெடுத்துத் துவையல். முடக்கொத்தான் இரசத்துக்கு. வல்லாரையை அடுப்பில் வைக்கவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். பச்சையாய் அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் பரிமாறும் வேளையில்தான் விடவேண்டும். முன்னரே விட்டால் இலை வாடித் தண்ணீர் கசியும். இன்று கொழும்பில் விருந்துகளில் நான் காணும் வல்லாரைச் சம்பல் பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான் மிதக்கிறது.

இந்த அறிவு எழுத்தில் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து அரசர்கள் பரராசசேகரன், செகராசசேகரன் என்று மாறி மாறிச் சூடிய பட்டப்பெயர்களே இரண்டு வைத்திய நூல்களுக்கும் பெயர்களாயின. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் பல பாகங்களாகப் பதிப்பித்தார். உண்ணும் பொருள்களின் குணங்களைப் பாடும் பதார்த்த சூடாமணி இருபாலைச் செட்டியார் இயற்றியது என்பர். உணவுப் பொருளுக்கும் மருந்துப் பொருளுக்கும் இடையில் அந்நூல் மதில் எழுப்பவில்லை என்பதே அதில் என்னைக் கவர்ந்தது. ஆனால் என் தாயார் இவற்றில் எதையும் படித்தவரல்லர். அவருடைய அறிவு அவர் தாயாரின் பின்னால் சுளகோடு நடந்து பெற்றது. எந்த இலையை எந்தக் கொடியில் எத்தனையாவது கணுவரை பறிக்கலாம் என்பதை ஏட்டில் எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

அந்த அறிவு ஒரு வளவுக்குள் மட்டும் அடங்கியதுமன்று. யாழ்ப்பாணத்து வேலிகளில் பொட்டு என்று ஒன்று இருந்தது. ஓலையை விலக்கி ஆள் குனிந்து போகக்கூடியதாய் அமைந்த துவாரம். ஒழுங்கையைச் சுற்றிப் படலையால் வராமல், பெண்கள் அதன் வழியே போய் வந்தார்கள். நெருப்புத்தணல், உப்பு, கறிக்கிண்ணம், ஊர்ப்புதினம் எல்லாம் அதனூடாகவே பயணம் செய்தன. வேலியின் இலை எந்தப் பக்கத்தில் தழைத்ததோ அந்தப் பக்கத்தார் பறித்தார்கள். அங்கு குறைந்தால் மறுபக்கம் வந்து பறித்தார்கள்.

இதே வேலிக்காகத்தான் யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாக வழக்காடினார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரு கதியாலை இரவோடிரவாக ஒரு சாண் தள்ளி நட்டதற்காகக் காணியை விற்று வழக்குப் பேசியவர்களை நீதிமன்றச் செய்தியாளனாக நான் கண்டிருக்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமையிலேயே, எல்லையில் நட்ட மரம் அயலவன் காணிக்குள் சாய்ந்து வளர்ந்தால் அதன் பலன் யாருக்கு என்ற விதி இடம்பெற்றிருக்கிறது. மரத்தின் பலனுக்கு விதி வேண்டியிருந்தது. வேலியில் பறித்த இலைக்காக வழக்குக்கு வந்த எவரையும் நான் கண்டதில்லை.

பொட்டு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். உயர்ந்த ஓலை வேலி மறைப்பதற்காக மட்டுமன்று, விலக்குவதற்காகவும் நின்றது. கிணற்றில் அள்ளவிடாத சமூகம் வேலியில் மட்டும் தாராளமாக இருந்துவிடவில்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் படலைக்கு வெளியே நின்று கேட்க, உள்ளேயிருந்து கொப்பை எறிந்த காட்சியைச் சிறுவனாய் நான் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

வேலியோரத்து இலைகள் உலகம் சுற்றிய கதை தனியானது. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672இல் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் இங்கு சேகரித்துச் சென்ற உலர்ந்த செடிகளை ஆராய்ந்துதான், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை எழுதினார். 1753இல் அவர் ஆடாதோடைக்குச் சூட்டிய இலத்தீன் பெயரில் நம்மூர்ப் பெயர் அப்படியே நிற்கிறது. கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் நிற்பதோ ஒரு மனிதர். லின்னேயசின் மாணவரான கோனிக் என்ற வைத்தியர், 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ்நாட்டுச் செடிகளைத் திரட்டியவர். பெரும்பாணாற்றுப்படை எழுந்த காலத்திலேயே கஞ்சகம் என்ற பெயரோடு மாதுளங்காயும் மிளகும் சேர்ந்த உணவில் இடம்பெற்றிருந்த இலைக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ஒருவரின் பெயர் கிடைத்தது. அதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. அவர் உண்மையாகவே உழைத்தவர்.

ஆடாதோடையின் கதை இன்னும் நீண்டது. அதன் இலையிலுள்ள வசிசின் என்ற பொருளை ஆராய்ந்த வேதியியலாளர்கள், அதை ஆதாரமாகக் கொண்டு புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1960களில் விற்பனைக்கு வந்த அம்மருந்து, சளியை இளக்கும் மாத்திரையாகவும் பாணியாகவும் இன்றும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதே வசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது. அம்மாவும் அவர்களுக்கு அதைக் கொடுத்ததில்லை. காரணம் கேட்டால் "சூடு" என்பார்.

நான் இளம் செய்தியாளனாக இருந்த காலத்தில் இவற்றையெல்லாம் மதித்தவனல்லன். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847 முதல் யாழ்ப்பாணத்தில் உழைத்து, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அதைப்பற்றி நான் பெருமையோடு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆனால் வீட்டில் அம்மா இலைச்சாறு பிழியும்போது, படித்தவர் வீட்டில் இதென்ன வேலை என்று முகம் சுளித்திருக்கிறேன். புட்டியில் வருவது மருந்து, வேலியில் வருவது பழக்கம் என்பதே அன்றைய நடுத்தர வர்க்கத்தின் எண்ணம். நானும் அதற்குள் இருந்தேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. புகைவண்டி நின்றது, மின்சாரம் நின்றது, கொழும்பிலிருந்து வடக்கே கொண்டுவரக் கூடாத பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், உரம், மருந்து என்று எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அச்சுத்தாள் இல்லாமல் பள்ளிக்கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் பத்திரிகை அச்சடித்த காலம் அது. அந்த ஐந்தாண்டுகளில் வேலி மீண்டும் மதிப்புப் பெற்றது. எத்தனையோ வீடுகளில், மறந்துபோன முதியவள் ஒருத்தி மீண்டும் வீட்டின் நடுவுக்கு வந்தாள். இன்ன இலை எது என்று அவளுக்குத்தான் தெரியும்.

1993 மாரியில் அக்காவின் மகளுக்கு மூன்று வயது. இரவிரவாக இருமினாள். மருந்தகத்தில் இருமல் பாணி இல்லை. அம்மா விளக்கோடு வேலிக்குப் போய் ஆடாதோடை இலை பறித்துவந்து, வாட்டிச் சாறு பிழிந்து, தேனோடு சில துளிகள் கொடுத்தார். நொச்சியும் பாவட்டையும் அவித்து அறையில் வேது பிடித்தார். நான்காம் நாள் பிள்ளை உறங்கினாள். இன்று ரொறன்ரோவில் சாடியின் முன் நின்று கவலைப்படுபவள் அந்தப் பிள்ளைதான்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் நான் செய்தியாளனல்லன். எங்கள் ஒழுங்கையில் நீரிழிவு நோயாளி ஒருவர் இருந்தார். இன்சுலின் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கிடைத்ததைக் குளிரில் வைக்க மின்சாரமும் இல்லை. நாளாந்தம் குறிஞ்சா தின்றார். அயல் முழுவதும் தங்கள் வேலிக் குறிஞ்சாவை அவருக்கென்றே விட்டுவைத்தது. 1994இல் அவர் இறந்தார். குறிஞ்சா இனிப்பை நாக்குக்கு மறைக்கும்; இன்சுலின் செய்யும் வேலையை அது செய்யாது. பச்சிலை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று இன்று இணையத்தில் எழுதுபவர்களை வாசிக்கும்போதெல்லாம், சுளகு நிறைய இலையோடு அவர் படலைக்குப் போன பெண்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் அன்பு இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது வேறு.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். நாங்களும் நடந்தோம். அக்கா குடும்பம் அதன்பின் ஊர் திரும்பவேயில்லை. 1996இல் அம்மா திரும்பியபோது வீட்டுக் கூரையில் பாதி இருந்தது. வேலி தழைத்துக் கிடந்தது. எவரும் பறிக்காத ஒரு மாரி அதற்குக் கிடைத்திருந்தது. நான் தொழிலுக்காகக் கொழும்புக்கு வந்துவிட்டேன். பின் வந்த ஆண்டுகளில் வீதியோர வேலிகள் பல, பாதுகாப்புக் காரணம் காட்டி வெட்டப்பட்டன. பனைகள் பதுங்குகுழிக்கு முன்பே போயிருந்தன, ஓலையும் அரிதாயிற்று. அம்மா 2003இல் காலமானார்.

இவ்வளவையும் தாங்கிய வேலியை அழித்தது போர் அன்று. 2009இன் பின் பாதை திறந்தது. சீமெந்து லொறி லொறியாக வந்தது. வெளிநாட்டுப் பணமும் வந்தது. ஆண்டுதோறும் அடைக்க ஓலையில்லை, ஆளில்லை, கூலி அதிகம். மதில் ஒருமுறை கட்டினால் போதும். இவை நியாயமான காரணங்களே. 2011இல் மூத்த அண்ணா பணம் அனுப்ப, தம்பி குடும்பம் வாழும் எங்கள் வளவைச் சுற்றி மதில் எழுப்பினோம். இரண்டு வாரம் விடுமுறை எடுத்துச் சென்று மேசன்மாருக்கு அருகில் நின்றவன் நானே. கதியால்களைக் கிளப்பி, ஆடாதோடையையும் நொச்சியையும் வேரோடு பிடுங்கிக் குவித்து எரித்தோம். அத்திவாரம் வெட்டும்போது சிறிது இடம் மிச்சமானதில் எனக்கு மகிழ்ச்சிகூட.

கட்டி முடிந்த மூன்றாம் நாள், பக்கத்து வளவு ஆச்சி ஒழுங்கையைச் சுற்றிப் படலையால் வந்தார். படலை இல்லை, இரும்புக் கேற். அதைத் திறக்கத் தெரியாமல் வெளியே நின்று கூப்பிட்டார். "தம்பி, பேரனுக்கு இருமல். ஆடாதோடையிலை ரண்டு கொப்பு முறிப்பம் எண்டு வந்தனான்" என்றார். உள்ளே வந்து, வெள்ளையடித்த மதிலை ஒரு கணம் பார்த்தார். அவருக்கு எண்பதை அண்மித்த வயது. ஐம்பதாண்டுகளாக அந்த வேலியின் மறுபக்கத்தில் பறித்தவர். நான் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாணி வாங்கிவந்து கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். வேலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதன் பின்னரே வெள்ளவத்தை மாடிவீட்டின் பல்கனியில் நான் சாடிகள் வைக்கத் தொடங்கினேன். கற்பூரவள்ளி ஒரு தண்டை முறித்து ஊன்றினால் வளர்ந்துவிடும். அதிக தண்ணீர்தான் அதைக் கொல்லும். வல்லாரைக்கு ஆழமான சாடி வேண்டாம், அகன்ற தட்டுப்போன்ற சாடி வேண்டும். ஈரம் காயக்கூடாது, கடும் வெயில் ஆகாது. கறிவேப்பிலையை இலை இலையாக உருவக்கூடாது. நுனிக்கொப்பாக முறித்தால்தான் பக்கத்தில் கிளைக்கும். பூங்கொத்தைக் கிள்ளிவிடவேண்டும். புளித்த மோரை நீர்த்து ஊற்றும் வழக்கத்தை நானும் கைவிடவில்லை. கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுப் புழு வந்தால் கையால் எடுத்துவிடுவேன். சில சமயம் ஒன்றிரண்டை விட்டும்விடுவேன்.

ரம்பையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டு நண்பர்கள் பலருக்கு இதைத் தெரியாது. நமக்கு இறைச்சிக்கறியும் நெய்ச்சோறும் இதில்லாமல் மணக்காது. பாஸ்மதி அரிசிக்கும் ரம்பைக்கும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள்தான். இச்செடி காட்டில் தானாக வளர்வதாக அறியப்படவில்லை. பூப்பது மிக அரிது, விதையில் முளைப்பதில்லை. அடியில் வரும் கன்றைப் பிரித்து நட்டே பரவியது. ஆகவே எந்த வீட்டில் ரம்பை நின்றாலும், அது எவரோ ஒருவர் இன்னொருவருக்குக் கையில் கொடுத்தது. என் சாடியிலுள்ளது, கீழ்மாடியில் வாழும் சிங்களக் குடும்பத்துப் பெரியம்மா தந்த கன்று.

தட்டுப்பாடு வரும்போதெல்லாம் நாடு இலையை நினைத்துக்கொள்கிறது. 2020இல் கொவிட் பரவியபோது ஒவ்வொரு வீட்டிலும் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதையும் கண்டோம். நோயைத் தடுக்கப்போய் நோய்க்குள் நின்றார்கள். 2022 நெருக்கடியில் மருந்தும் உணவும் அருகியபோது, வீட்டுத்தோட்டம் செய்யும்படி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அப்போது நான் விசாரித்தவர்களில் பலர் இலையைத் தேடினார்கள். இளையவர்களுக்கு எது மொசுமொசுக்கை, எது வெறும் களைக்கொடி என்று பிரித்தறியத் தெரியவில்லை. சொரசொரப்பைத் தடவிப் பார்த்து அறியக் கற்றுக்கொடுக்க அம்மாக்கள் இல்லை. ஏறிப் படர வேலியும் இல்லை.

மருமகளுக்குத் திரும்புகிறேன். கனடாவுக்கு அவள் ஊரிலிருந்து ஒரு கன்றைக் கொண்டுபோயிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அவ்வளவு எளிதன்று. கறிவேப்பிலை எலுமிச்சை, தோடை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தோடை மரங்களை அழிக்கும் ஒரு நோயைச் சுமக்கும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அதனால் அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் வெளிநாட்டுப் பச்சைக் கறிவேப்பிலை தம் எல்லைக்குள் வருவதைத் தடைசெய்துள்ளன. கனடாவிலும் மண்ணோடு செடி கொண்டுபோய் இறங்க விடமாட்டார்கள். அவளுடைய செடி, அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்மணி தம் சாடியில் வேரிலிருந்து வெடித்த கன்றைப் பிரித்துத் தந்தது.

வேரிலிருந்து வெடித்த கன்று என்று அவள் சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் தம்பியை அழைத்துக் கேட்டேன். அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. கிணற்றடிக்குத் தெற்கே, வாய்க்கால் திரும்பும் இடத்தில், வேலியோடு ஒட்டி நின்றதாம் எங்கள் கறிவேப்பிலை. அத்திவாரத்துக்கு இடைஞ்சல் என்று 2011இல் அதையும் வெட்டச் சொன்னவன் நானே என்று அவன் நினைவூட்டினான். எனக்கு அது அடியோடு மறந்திருந்தது. வேரின் ஒரு கிளை முன்னரே வேலிக்கு அடியால் போய் ஆச்சியின் வளவில் கன்றாய் வெடித்திருந்ததாம். ஆச்சி இப்போது இல்லை. கன்று மதிலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. அன்று இருமிய பேரன், தம்பியின் மனைவி கூப்பிட்டால், மதிலுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு கொப்பு முறித்துக் கொடுக்கிறானாம்.

அதை அப்படியே மருமகளுக்கு எழுதி அனுப்பினேன். சாடியில் ஒரு தளிர் வந்திருப்பதாகப் படம் அனுப்பியிருந்தாள். தண்ணீரை இன்னும் கூட்டாதே என்று மறுமொழி எழுதினேன்.